அக்கா மட்டும் படிக்க

ஜனவரி 9

அன்புள்ள தம்பி,

சுகமா என்று நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன். உன் சளி விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முதல் கீமோ முடிந்துவிட்டது. நரம்பில் ஊசியைக் குத்தி, நாற்காலியில் சாய்த்து, பாட்டில் காலியாகும்வரை சும்மா இரு என்கிறார்கள். மார்பில் இருந்த கட்டியைத்தான் ஆபரேஷனில் எடுத்தாயிற்றே, இனி எதற்கு இது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருந்தா அதையும் விரட்டணும்ல" என்றார். பிறந்ததிலிருந்து கண் தெரியாத என்னிடம் இதைச் சொல்கிறார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வாய் முழுக்கப் புண். எதைத் தின்றாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது. ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு மரக் கரண்டியில் சாப்பிடுகிறேன். முடியும் கொட்டுகிறது. காலையில் தலையணையில் கை வைத்தால் ஏதோ பூனை படுத்து எழுந்து போன மாதிரி இருக்கிறது. கண்ணாடி பார்க்கிற தொல்லை எனக்கு இல்லை. உன் அத்தான்தான் என் தலையைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சுகிறார்.

அவர் வழக்கம்போலத்தான். கீழே லாரிப் பட்டறையில் கத்திப் பேசிய தொண்டையோடு மாடிக்கு வந்து, "வாந்தி வந்துச்சா?" என்று கேட்கிறார். தெருவுக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாரன் என்று நீ அவருக்கு வைத்த பேர் இந்த வருஷம்தான் முழுசாகப் பொருந்துகிறது. போனும் ஹாலில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசினால் "என்னவாம்?" என்பார். அதனால் போன் ஊருக்கு, பிரெயில் நமக்கு. பள்ளி விடுதியில் வார்டனுக்குத் தெரியாமல் புள்ளி குத்திக் கடிதம் மாற்றிக்கொண்டோமே, அப்படியே இதையும் வைத்துக்கொள்வோம். இந்த வீட்டில் புள்ளி படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன் கடிதத்தைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுத் தூங்கலாம்.

பாதி நாள் வேலைக்குப் போகிறேன். பிரெயில் அச்சகத்தில் பிழை பார்க்க வேறு ஆள் இல்லை. நான் விரலால் தடவி வாசிக்கிறேன். எதிரே என் கூட்டாளி சாதாரணப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டுகிறாள். அந்த "ம்" கேட்கிறவரைக்கும் எனக்கு நோய் இருப்பதே மறந்துபோகிறது.

நீ எப்போது ஒரு துணையைத் தேடிக்கொள்ளப் போகிறாய்? அது நடந்தால் எனக்குப் பாதி வியாதி அன்றே போய்விடும்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்பு அக்காவுக்கு,

சளி போய்விட்டது. போகும்போது பாதிக் குரலையும் எடுத்துக்கொண்டு போனது. டெலிபோன் ஆபரேட்டருக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? இரண்டு நாளாக என் கரகரப்பைக் கேட்டவர்கள் எல்லாரும் "சாரி, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்கள். உனக்கு இன்று எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

எங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இதே வைத்தியம் நடந்து, தேறி, இப்போது எல்லாரையும் விரட்டி வேலை வாங்குகிறார். அவரிடம் கேட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சோடா உப்பும் கலந்து, சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் கொப்பளிக்கச் சொன்னார். சூடான சாப்பாட்டின் வாசனைதான் குமட்டுமாம், ஆறவைத்துச் சாப்பிடச் சொன்னார். வாந்தி மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டுப் போடாமல் முன்கூட்டியே போட வேண்டுமாம். எதற்கும் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

நம் ஹாரன் அத்தானுக்கு ஒரு சைலென்ஸர் வாங்கி அனுப்பட்டுமா? அவர் பட்டறையில் இல்லாத சைலென்ஸரா என்கிறாயா? அது லாரிக்கு. இவருக்குத் தனி சைஸ் தேவைப்படும். போன வாரம் போனில் "உங்க அக்கா தூங்கறா" என்று ரகசியம் சொன்னார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அந்த ரகசியத்தைக் கேட்டேன். நீ எழுந்திருப்பாய்.

துணை கிணை என்று ஆரம்பிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள தம்பி,

உன் குரல் திரும்பியது போனிலேயே தெரிந்தது. கேட்க நிறைவாக இருந்தது. இங்கே வாய்ப்புண் ஆறிவிட்டது. கணக்கம்மாவுக்கு என் நன்றியைச் சொல். வாந்தியும் இல்லை. இப்போது வேறு வகை மருந்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எல்லாம் நல்ல செய்திதானே என்கிறாயா? மீதியையும் படி.

விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. இப்போது மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி இருக்கிறது. போன வாரம் கணக்குப் புத்தகம் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் ஆறு என்றேன். கூட்டாளியிடமிருந்து "ம்" வரவில்லை. "நாலுன்னு இருக்கே" என்றாள். மறுபடி தடவினேன். மறுபடியும் ஆறு என்றேன். அவள் ரொம்ப மென்மையாக, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றாள். அந்த மென்மைதான் என்னைக் கொன்றது. புள்ளி சரியாகத்தான் இருந்திருக்கிறது. கோளாறு என் விரலில்.

மருந்து ஏற்றுமுன் நர்ஸ் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்: "கை கால் மரத்துப்போகுதா? பட்டன் போட முடியுதா?" "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று அவள் எதிரிலேயே பட்டனைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். ஏன் என்று கேட்காதே, சொல்லிவிடுகிறேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வருவாள். மரத்துப்போகிறது என்று சொன்னாளாம், மருந்தைக் குறைத்தார்களாம், பிறகு நிறுத்தினார்களாம். இப்போது அவளுக்கு நோய் திரும்ப வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

விரலா உயிரா என்றால் உயிர் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் படிக்க முடியாத உயிரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு இரண்டும் வேண்டும்டா. மருந்து முழுசாக ஏறட்டும், விரல் அது பாட்டுக்குத் தாக்குப்பிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அத்தானிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஹாரன் அடித்துவிடுவார்.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

கணக்கம்மாவுக்கும் விரல் மரத்ததாம். சொன்னாராம். டோஸைக் குறைத்து, இடைவெளி விட்டு, பிறகு வேறு மருந்தே கொடுத்தார்களாம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இன்று காலையில்கூட என்னைத் திட்டினார். பக்கத்து நாற்காலிப் பெண்ணின் நோய் என்ன, எந்த நிலையில் இருந்தது என்று உனக்குத் தெரியுமா? காத்திருக்கும் இடத்தில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு வைத்தியம் பண்ணிக்கொள்ளலாமா? மறைத்துக்கொண்டே மருந்தை ஏற்றினால் மரத்தது மரத்ததாகவே நின்றுவிடக்கூடும் என்கிறார் அவர். நீ இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறாய். இரண்டையும் விட்டுவிடப் போகிறாயோ என்னவோ.

அத்தானிடம் சொல்லமாட்டேன், சத்தியம். ஆனால் நீ அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். அதுதான் பேரம். சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பி,

நான் நலம். நீ முதலில் ஒழுங்காகச் சாப்பிடு.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். போகப் போகச் சரியாகிவிடுமாம். அவர் ரொம்ப நல்ல மாதிரி. இனி நீ அதை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

களைப்புதான் அதிகம். மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறேன். அச்சகத்தில் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்து பழக்கமில்லை. அத்தான் கீழே எந்த லாரியைத் திட்டுகிறார் என்று கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 26

அன்பு அக்காவுக்கு,

அப்பாடா! உன் கடிதத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். சொல்லிவிட்டாய் என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது. இனி உன் களைப்பு மட்டும்தான் பாக்கி. நடுப்படியில் உட்கார நாற்காலி போட்டுத் தரச்சொல், அத்தான் அதற்கும் வெல்டிங் வைத்துவிடுவார்.

உன் விஷயம் தீராமல் என் விஷயத்தை எப்படி எடுப்பது என்று இருந்தேன். இப்போது சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் மூன்றாவது மாடி டைப்பிஸ்ட்டைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறேன். லிஃப்டில் என்னைப் பார்த்தால் மட்டும் மாடி எண்ணைச் சொல்லாதவள். மற்ற எல்லாரும் "மூணு வந்துடுச்சு, அஞ்சு வந்துடுச்சு" என்று எனக்கு அறிவிப்பு கொடுப்பார்கள். இவள், "உங்களுக்குத்தான் தெரியுமே" என்பாள். போன வெள்ளிக்கிழமை, அவளே என்னிடம் நேராகக் கேட்டுவிட்டாள். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப யோசிக்காதீங்க."

எனக்குக் காது சுட்டது. "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். சிரிக்காதே. எனக்கு இருப்பவள் நீ ஒருத்தி. அவளுக்குக் கண் தெரியும், கோபமும் வரும், நான் நன்றாகப் பாடுகிறேன் என்ற தப்பான எண்ணமும் உண்டு. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது அக்கா. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

போனில் வேண்டாம். அத்தான் "என்னவாம்?" என்பார், அடுத்த நிமிஷம் பட்டறைக்கே தெரிந்துவிடும். தபாலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பி,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆபீஸெல்லாம் வழக்கம்போலப் போகிறது என்று தெரிந்து நிம்மதி.

இங்கே வெயில் ஏறிவிட்டது. தலையில் முடி இல்லாதது இப்போதுதான் வசதியாக இருக்கிறது. கணக்கம்மா சொன்னபடி எல்லாவற்றையும் ஆறவைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

நீயும் எத்தனை நாள்தான் ஒற்றை ரூமில் தனியாகக் கிடப்பாய்? ஒரு துணையைத் தேடிக்கொள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

நலமா என்று கேட்கவில்லை. கோபமாக இருக்கிறேன்.

அவளைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. கண் தெரிந்தவள் சரிப்பட மாட்டாள் என்று நினைத்தால் அதையும் எழுது. ஒன்றுமே நடக்காத மாதிரி "ஒரு துணையைத் தேடிக்கொள்" என்று எழுதுகிறாயே, இதற்கு என்ன அர்த்தம்? அவள் லிஃப்டில் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நிற்கிறாள். அவள் கேட்காமல் நிற்பது எனக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது தெரியுமா?

(மே 1)

கோபத்தில் இதை முடிக்காமல் வைத்துவிட்டு நேற்று உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? "லெட்டர் படிச்சியா?" என்றேன். "படிச்சேன்டா" என்றாய். "என்ன நினைக்கறே?" என்றேன். "நீ என்ன முடிவு பண்ணாலும் சரியாத்தான் இருக்கும்" என்றாய். "எதப் பத்தி?" என்று கேட்டேன். நீ மூச்சை உள்ளே இழுத்தாய். பின்னாலிருந்து அத்தான் "என்னவாம்?" என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாய்.

நாளெல்லாம் காதில் குரலை மாட்டிக்கொண்டு பிழைக்கிறவன் நான். அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? பழைய கடிதங்களை எடுத்துத் தடவினேன். ஏப்ரல் கடிதத்தில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறியிருக்கிறது. உன் வாழ்நாளில் நீ அப்படிக் குத்தியதில்லை. எழுதுவதற்குக் கைப்பழக்கம் போதும். படிப்பதற்குத்தான் விரல் நுனி வேண்டும்.

நீ டாக்டரிடம் சொல்லவே இல்லை. என் கடிதத்தைப் படிக்கவும் உன்னால் முடியவில்லை. அப்படித்தானே?

இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புரிகிறது. இதையும் நீ படிக்கப் போவதில்லை. உன் வீட்டில் வேறு யாரும் படிக்கவும் முடியாது. யாருக்காக எழுதுகிறேன்? அத்தானுக்குப் போன் போட்டு உடைத்துவிடலாமா என்று ரிசீவரைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன். உனக்குக் கொடுத்த வாக்கு தடுக்கிறது. மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குமேல் பொறுக்க மாட்டேன், நேரில் வந்து நிற்பேன்.

தபாலில் போடாமல் இருக்கவும் மனசு வரவில்லை. போடுகிறேன்.

தம்பி


மே 17

மச்சானுக்கு,

நான்தான், அத்தான். நல்லா இருக்கியா. இங்க பரவாயில்ல. புள்ளி முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்க. ஒரு வரி குத்தறதுக்குள்ள ஒரு டீ ஆறிடுது.

உங்க அக்கா ஒரு நாள் உன் லெட்டரை மடியில வச்சுத் தடவிக்கிட்டிருந்தா. புள்ளி மேடா இருக்கிற பக்கம் கீழ. குழியா இருக்கிற பக்கம் மேல. தடவிட்டு நடுநடுவுல சிரிச்சா வேற. கேக்கல. கேட்டா இன்னும் நல்லா நடிப்பா.

அச்சகத்துக்குப் போனேன். அவ கூட்டாளி ஒரு அட்டை குடுத்துச்சு. எழுத்தும் பக்கத்துல புள்ளியும் போட்டது. பட்டறையில சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து படிச்சேன். கண்ணாலதான். என் விரலுக்கு நட்டும் போல்ட்டும்தான் தெரியும். அப்புறம் உன் லெட்டரை எல்லாம் எடுத்தேன். அடுத்தவங்க லெட்டரைப் படிக்கறது தப்புதான். படிச்சேன். எனக்கு முதல்ல வெளங்கின வார்த்தை ஹாரன். அடுத்தது சைலென்ஸர். ஆனா நீ மறைக்காம சொல்லு சொல்லுன்னு அவகிட்ட கெஞ்சினதையும் படிச்சேன். அதனால உன்னை விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை அவ எதிர்ல உட்கார்ந்து உன் கடைசி லெட்டரை எழுத்துக் கூட்டி வாசிச்சேன். முதல்ல அவளுக்குப் புரியல. புரிஞ்சதும் எழுந்து போகப் பார்த்தா. உட்காருன்னேன். கத்தல. மெதுவாத்தான் சொன்னேன். நான் மெதுவாப் பேசினதுல பயந்தே உட்கார்ந்துட்டா. அழுதா. அதுக்கப்புறம் டைப்பிஸ்ட் பத்தி நீ எழுதின லெட்டரை வாசிச்சேன். அதுக்குப் போட்டா பாரு ஒரு சத்தம். ஹாரன் நானா அவளான்னு ஆயிடுச்சு.

டாக்டர்கிட்ட போனோம். நான் வாயத் திறக்கல. அவளேதான் சொன்னா. டாக்டரம்மா திட்டல. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. இது தெரிஞ்சா குறைக்கவோ மாத்தவோ எத்தனையோ வழி இருக்கும்மான்னாங்க. அந்த மருந்தை நிறுத்திட்டாங்க. வேற குடுக்கறாங்க. விரல் வருமான்னு கேட்டேன். மாசக்கணக்குல பொறுக்கணும், கொஞ்சம் வரலாம், முழுசா வராமலும் போகலாம்னாங்க. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அவ நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்றா.

ஏதாவது எழுது. நான் வாசிச்சுக் காட்டறேன்.

இப்படிக்கு
ஹாரன்


மே 27

அன்புள்ள அத்தானுக்கு, வணக்கம். உங்கள் விரலும் கண்ணும் நலமா? குத்தூசி உள்ளங்கையைப் பதம் பார்த்திருக்கும். எண்ணெய் தடவுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தொட்டதும் வேற்று நாட்டு மொழி என்று நினைத்துவிட்டேன். பாதி எழுத்து புரியவே இல்லை. பிறகுதான் விளங்கியது. பிரெயில் சட்டத்தில் தாளைச் செருகிப் பின்பக்கமிருந்து குத்துகிறோம் இல்லையா? அதனால் வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கமாகப் போக வேண்டும். நீங்கள் பேனாவில் எழுதுகிற மாதிரி குத்திவிட்டீர்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாம் மாறிப்போயிருக்கும் என்று டைப்பிஸ்ட் சொன்னாள். கண்ணாடி எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். வரிக் கடைசியிலிருந்து பின்னோக்கித் தடவித் தடவி ஒரு நாள் முழுக்கப் படித்தேன். இதுவரை எனக்கு வந்த கடிதங்களிலேயே மெதுவாகப் படித்தது இதுதான். படித்து முடித்துவிட்டு ரூமில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஹாரன் என்று எழுதியதற்கு மன்னியுங்கள். ஆனால் இனி அதை மாற்றுவதற்கில்லை, நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

அக்கா, அத்தான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். நீ போட்ட சத்தத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவளிடம் சரி என்றேன். "இதுக்கா ரெண்டு மாசம்?" என்றாள். உன் வைத்தியம் முடிந்த பிறகுதான் கல்யாணம். அவளே சொன்னது.

அத்தான், உள்ளே ஒரு தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். மேலே "அக்கா மட்டும் படிக்க" என்று இருக்கும். அதை வாசிக்காமல் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். எப்படிப் படிப்பாள் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. நோய் வந்த நாளிலிருந்து அவள் உடம்பை ஊரே தொட்டுப் பார்க்கிறது. அவளுக்கென்று ஒரு தாளாவது இருக்கட்டும்.

உங்கள் மச்சான்


ஜூலை 2

என் தம்பிக்கு,

இந்த முறை நான் நலம் என்று ஆரம்பிக்கப் போவதில்லை. புது மருந்து எலும்பையெல்லாம் பிசைகிறது. ஊசி போட்ட மறுநாள் படுத்தால் எழுந்திருக்க முடிவதில்லை. பாதத்தில் தரை சரியாகத் தெரியாததால் அத்தான் வழியெல்லாம் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருக்கிறார். அச்சக மேனேஜர் என் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். கொஞ்ச நாள் பார்ப்போம் என்றாராம். நீயும் அவளும் சுகமா? அவளுக்கு என் ஆசிகளைச் சொல். உனக்குப் பாட வராது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தில் எங்கே பிழை என்று தடவிப் பார்க்க என்னால் முடியாது. ஊருக்கெல்லாம் பிழை பார்த்தவள் பிழையோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ மடித்து வைத்த தாளை அத்தான் என் மடியில் வைத்தார். "இது உனக்காம்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். நானாக இருந்தால் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பேன். இந்த மனுஷனுக்கு நான் இத்தனை வருஷம் எவ்வளவு குறை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்து வெட்கமாக இருந்தது.

தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தினமும் எடுத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பேன். சுவரைத் தடவுகிற மாதிரிதான் இருக்கும். மணிக்கட்டில் வைத்தேன், கன்னத்தில் வைத்தேன். ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. போன வாரம் டீ குடிக்கும்போது டம்ளர் விளிம்பில் ஒரு சின்ன உடைசல் உதட்டில் பட்டது. அதே டம்ளரைத்தான் கையில் அவ்வளவு நேரம் பிடித்திருந்தேன். விரலுக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரிந்துவிட்டது.

டம்ளரை வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். கீழுதட்டில் வைத்து மெதுவாக நகர்த்தினேன். எச்சில் பட்டால் புள்ளி அமுங்கிவிடும், அதனால் துடைத்துத் துடைத்து வைத்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. உதட்டுக்கு எழுத்துத் தெரியாதே, ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. "அக்கா" என்ற ஒரு வார்த்தைக்கே வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு வந்துவிட்டது. நடுவில் அத்தான் மேலே வந்தார். "என்ன பண்றே?" என்றார். "படிக்கிறேன்" என்றேன். "முத்தம் குடுக்கற மாதிரி இருக்கு" என்றார். "உங்க மச்சானுக்குத்தான்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி நான் கேட்டதே இல்லை.

ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். "அக்கா, பயமாக இருக்கிறதா?"

வலிக்கிறதா, வாந்தி வந்ததா, மரத்துப்போகிறதா, தூக்கம் வருகிறதா என்று எல்லாரும் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று பட்டனைப் போட்டுக் காட்டியிருப்பேன். ஆனால் இதை நான் ஒவ்வொரு எழுத்தாக என் வாயால் தொட்டல்லவா படித்தேன்? பொய் சொல்ல முடியவில்லை.

ஆமாடா. பயமாக இருக்கிறது. நோய் திரும்ப வந்துவிடுமோ என்று பயம். விரல் திரும்ப வராமலே போய்விடுமோ என்று பயம். அத்தான் முன்னால் அழுதால் அவர் உடைந்துவிடுவாரோ என்றும் பயம். இத்தனை மாதமாக நான் மறைத்தது விரலை இல்லை, இதைத்தான். எழுதிவிட்டேன். எழுதியதும் செத்துப்போய்விடவில்லை. சாயங்காலம் அவர் மேலே வந்ததும் அவரிடமும் சொல்லப்போகிறேன்.

நீளமாக எழுதாதே, உதடு தாங்காது. ஒரு தாளுக்கு ஒரு வரி போதும். ஆனால் அடிக்கடி எழுது.

அக்கா